பரோலோவிலிருந்து மொண்டால்சினோ வரை: கழுத்தில் பட்டை ஒட்டிய ஒயின்கள்

அக்டோபர் 12, சனி. ஆல்பா

வட இத்தாலியில் இருக்கும் ஆல்பாவில் காரை விட்டு இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது சாக்லேட். ஃபெரேரோ ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. நுடெல்லா இந்த ஊர்ச் சரக்கு. கடைத்தெருவுக்குள் நுழைந்தால் சாக்லேட் அடங்கி வேறொன்று மேலே வருகிறது. பூண்டும் ஈர மண்ணும் கலந்த, கொஞ்சம் வெட்கமில்லாத வாசனை. வெள்ளை ட்ரஃபிள், மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான் வகை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாரக் கடைசிகளில் இங்கே ட்ரஃபிள் சந்தை கூடுகிறது. மண் ஒட்டிய கோணல்மாணல் உருண்டைகளைக் கண்ணாடி மூடிக்குள் வைத்து, 100 கிராம் 380 யூரோ என்று சீட்டு எழுதியிருந்தார்கள். நான் பர்ஸை எடுக்கப் போவதில்லை என்று பார்த்தாலே தெரியும். இருந்தும் ஒரு பாட்டி மூடியைத் திறந்து திறந்து மூன்று ரகத்தை முகர வைத்தார். எனக்குப் பிடித்ததைக் காட்டியதும், பரவாயில்லை, தேறுவாய் என்பதுபோல் தலையாட்டினார்.

நான் துபாயில் ஒரு ஓட்டலில் உணவகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓட்டல் செலவில் ஒயின் பரீட்சை எழுதினேன். அதில் உயிரை வாங்கிய பாடம் இத்தாலி. அங்கே மேல்தட்டு ஒயின்களுக்கு டி.ஓ.சி.ஜி. என்று ஒரு வகுப்பு. அதில் 70-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் திராட்சை, தனிச் சட்டம். பரோலோ ஒயின் என்றால் நெபியோலோ திராட்சை, காவி என்றால் கொர்த்தேசே, தௌராசி என்றால் அலியானிகோ என்று ஷிஃப்ட் முடிந்து ஓட்டல் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி உருப்போட்டது. தேறிவிட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு மலையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

டூரினில் பாலிடெக்னிகோவில் படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட கல்லூரி நண்பன் காரோடு வந்தான். அவன் சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வான். மதுவைத் தொட மாட்டான். ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால் தாண்டினால் தண்டனை என்கிற நாட்டில், ஒயின் மலைகளில் வண்டி ஓட்ட இவனைவிடத் தோதான ஆள் கிடைப்பானா?

மதியம் அவனுக்கு ஆஃப்பாயில், மேலே ட்ரஃபிள். பரிமாறியவர் ஒரு குட்டித் தராசோடு வந்தார். ட்ரஃபிளை எடை போட்டுக் காட்டிவிட்டு, சீவல் பலகையில் முட்டை மேல் சீவினார். மறுபடி எடை போட்டு, குறைந்தது ஆறு கிராம் என்று சீட்டில் குறித்தார். கிராம் 5 யூரோ. ஆஃப்பாயில் 12, ட்ரஃபிள் 30, உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 3. நண்பன் ஒரு துணுக்கு விடாமல் ரொட்டியால் தட்டைத் துடைத்தான். "காலேஜ் மெஸ்ல ஒரு மாசம் சாப்பிட்டிருக்கலாம்டா இந்தக் காசுக்கு" என்றான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டான்.

மாலையில் ஒயின் கடை. உயர்ந்த வகை பாட்டில் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு காகிதப் பட்டை, அதில் எண். அரசு நாணயச் சாலையின் அச்சகத்தில் அடித்து வருவது. இத்தாலி 1963-ல் ஒயின் பெயர்களுக்குச் சட்டம் போட்டு டி.ஓ.சி. என்ற தகுதியைக் கொண்டுவந்தது. அதற்கு மேலே 'உத்தரவாதம்' என்ற ஒரு ஜி-யைச் சேர்த்து டி.ஓ.சி.ஜி. ஆக்கி, முதல் நான்கு பெயர்களுக்கு 1980-ல் கொடுத்தார்கள். பரோலோ, பார்பரெஸ்கோ, மொண்டால்சினோவின் புருனெல்லோ, மொண்டெபுல்சானோவின் வினோ நோபிலே. அந்த நான்கில் மூன்றையாவது பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதுதான் திட்டம்.

அக்டோபர் 13, ஞாயிறு. பரோலோ

காலையில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை. முன்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் இன்னும் ஏழெட்டு கார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. டிராக்டரில் குலை குலையாகத் திராட்சை. அறுவடை நேரத்தில் அதற்குத்தான் ரோடு சொந்தம் என்று எல்லோருமே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

பத்தரைக்குப் பனி விலகியபோது கீழே பள்ளத்தாக்கு வெள்ளையாகவே கிடக்க, மேலே ஒவ்வொரு மேட்டிலும் ஒரு கோட்டை, ஒரு கோயில் மணிக்கூண்டு, அவற்றைச் சுற்றி வரி வரியாகக் கொடிகள். இந்த மலைகளை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்ற ரகக் கொடிகளெல்லாம் மொட்டையாக நிற்க, நெபியோலோ மட்டும் இன்னும் குலையோடு நின்றது. வசந்தத்தில் முதலில் துளிர்ப்பதும் இதுதான், கடைசியாகப் பழுப்பதும் இதுதான். ஏப்ரல் உறைபனிக்கும் அக்டோபர் மழைக்கும் நடுவில் அது தப்பிப் பிழைக்க வேண்டும். தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவுகளை அதற்குக் கொடுத்துவிட்டு, வெயில் குறைந்த இடங்களில் டோல்செட்டோ என்ற இன்னொரு திராட்சையையோ ஹேசல்நட் மரத்தையோ நட்டிருக்கிறார்கள். வழக்கம் மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான்: நேர் வடக்கு பார்த்த சரிவில் விளைந்ததைப் பரோலோ என்று விற்க முடியாது.

பரோலோ என்பது ஊரின் பெயர். 700 பேர் இருந்தால் அதிகம். ஃபல்லெத்தி பிரபுக்களின் கோட்டையில் இப்போது ஒயின் அருங்காட்சியகம். பொம்மை, விளக்கு, இசை என்று தடபுடலாக இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. கோட்டைக்குக் கீழே பல தயாரிப்பாளர்களின் பரோலோவையும் வாய்வாயாக வாங்கிக் குடித்துப் பார்க்கும் கூடம் இருக்கிறது. அதுதான் பாடம். நூற்றுக்கு நூறு நெபியோலோ. அறுவடை ஆண்டின் நவம்பர் 1-லிருந்து கணக்கு வைத்து 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்று போட வேண்டுமானால் 62 மாதம்.

நிறத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். சாயம் வெளுத்த சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். கிளாஸுக்குப் பின்னால் பேப்பர் வைத்தால் எழுத்து தெரிகிறது. மூக்கருகே ரோஜா, உலர்ந்த செர்ரி, கொஞ்சம் தார். சரி, மென்மையான ஆள் என்று நினைத்து ஒரு வாய் குடித்தால் ஈறு முழுக்க இழுத்துப் பிடிக்கிறது, பழக்கமில்லாதவன் கொட்டைப்பாக்கை மென்ற மாதிரி. ஊற்றிக் கொடுத்த பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு பாலாடைக்கட்டியை நீட்டினார். அதைக் கடித்துக்கொண்டு குடித்த இரண்டாவது வாய் வேறு ஒயின்.

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது மணி இரண்டே முக்கால். ஊரில் ஒரு அடுப்புகூட எரியவில்லை. மூன்று உணவகங்களில் கேட்டோம். மூன்றிலும் ஒரே பதில்: சமையலறை மூடியாயிற்று, ஏழரைக்கு வாருங்கள். கெஞ்சினாலும் நடக்காது, ஆனால் மறுக்கும்போது காட்டுகிற மரியாதை இருக்கிறதே, கோபிக்கவே முடியவில்லை. ஒரு பாரில் ஹேசல்நட் கேக்கும் காப்பியும் கிடைத்தன. ஆளுக்கு 5 யூரோ 50. மாவே சேர்க்காத கேக். பசியில் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருந்தது.

அக்டோபர் 14, திங்கள். லா மோரா, செர்ராலுங்கா

பரோலோவுக்கு 11 ஊர்களில் நிலம். முழுமையாகச் சில, ஓரமாகச் சில. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துபோகிற விஷயம் நேரில் வேறு மாதிரி இருக்கிறது. மேற்கே லா மோரா, கிழக்கே செர்ராலுங்கா. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும். திராட்சை ஒன்று, சட்டம் ஒன்று, ஒயின் இரண்டு.

காலையில் லா மோராவின் கீழ்ச் சரிவில் ஒரு சின்னக் கோயிலைப் பார்த்தோம். 1914-ல் தோட்ட வேலையாட்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது. பூசை எதுவும் நடந்ததில்லை. இடிந்து கிடந்ததை 1999-ல் சால் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரண்டு ஓவியக் கலைஞர்கள் வண்ணத்தில் தோய்த்து எடுத்துவிட்டார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கொடிகளுக்கு நடுவே பளீரென்று நிற்கிறது. அதன் நிழலில் குலை வெட்டுகிற ஏழெட்டுப் பேர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மாசிடோனியர்கள், மற்றவர்கள் ஆப்பிரிக்க இளைஞர்கள். நண்பன் இத்தாலியனில் பேச்சுக் கொடுத்தான். முதலில் எங்களை அதிகாரிகள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். அது எனக்குச் சங்கடமாகப் போயிற்று. இந்தப் பக்கத்தில் இடைத்தரகர்கள் கூலியை வெட்டிக்கொண்டு ஆட்களை நாய்படாத பாடு படுத்தியதாகச் செய்தித்தாள்களில் வந்திருக்கிறது என்று நண்பன் அப்புறம் சொன்னான். கழுத்துப் பட்டை எந்தத் திராட்சை, எந்த ஊர், எத்தனை மாதம் என்பதற்கெல்லாம் பொறுப்பேற்கும். குலை வெட்டியவனுக்கு என்ன கிடைத்தது என்பது அதன் கணக்கில் இல்லை.

பதினொன்றுக்கு செர்ராலுங்காவில் ஒரு சின்ன ஒயினரி. அறுவடை நடுவில் வருகிறோம் என்பதால் மூன்று இடத்தில் மறுத்து, இங்கே மட்டும் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ஆளுக்கு 25 யூரோ. குடிக்காதவனுக்கு இலவசம் என்று ஒயினரிக்கார அம்மாளே சொல்லிவிட்டார். அறுபது வயதிருக்கும், கையெல்லாம் கறுத்த ஊதா. கைகுலுக்காமல் முழங்கையை நீட்டினார்.

மேசையில் இரண்டு மண்கட்டி வைத்திருந்தார். ஒன்று சாம்பல் நீலம், விரலால் அழுத்தினால் பொடிகிறது. "இது லா மோரா பக்கம், வயசு குறைந்த மண்." இன்னொன்று மஞ்சளும் வெளுப்புமாக மணற்கல் வரி ஓடியது. "இது எங்கள் பக்கம். பழசு. சுண்ணாம்பு அதிகம். கொடி கஷ்டப்படும்." பிறகு இரண்டு கிளாஸ். லா மோராவில் இருக்கும் அவருடைய துண்டு நிலத்து ஒயின் வாசனையாக, இளகி வந்தது. செர்ராலுங்கா ஒயின் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பத்து வருஷம் கழித்து வந்து கேளுங்கள், பேசும்" என்றார். சுவரில் பரோலோவின் வரைபடம், 2010-லிருந்து சட்டப்படி எல்லை குறித்த 181 நிலப் பெயர்கள், கன்னூபி, ப்ருனாத்தே, விஞ்ஞா ரியோந்தா என்று. கன்னூபி என்று எழுதிய 1752-ம் ஆண்டுப் பாட்டில் ஒன்று இன்னும் இருக்கிறது. அப்போது பரோலோ என்ற பெயரையே யாரும் லேபிளில் போட்டதில்லை.

பீப்பாய் அறையில் சண்டைக் கதை கேட்டோம். 1980-களில் இந்த மலைகளில் அப்பனும் மகனும் பேசாமல் போனதற்குக் காரணம் பீப்பாய். பழைய கைகளுக்கு ஆளுயரப் பெரிய பீப்பாய், நீண்ட ஊறல், வருடக்கணக்கில் பொறுமை. இளவட்டங்களுக்கு பிரான்சிலிருந்து வந்த 225 லிட்டர் சின்னப் பீப்பாய், சீக்கிரம் இளகும் ஒயின். லா மோராவின் எலியோ அல்தாரே 1983-ல் ரம்பத்தை எடுத்து அப்பாவின் பெரிய பீப்பாய்களை அறுத்தே போட்டார். அப்பா அவருக்குச் சொத்து இல்லை என்று எழுதிவிட்டார். மறுபக்கம் பரோலோவின் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சின்னப் பீப்பாயும் வேண்டாம் அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையாலேயே லேபிள் வரைந்து பாட்டிலில் ஒட்டினார். இப்போது? "பாதி பேர் பெரிசுக்கே திரும்பிவிட்டோம்" என்றார் அம்மாள், தன் பெரிய பீப்பாயைத் தட்டிக்கொண்டே.

பட்டையைப் பற்றிக் கேட்டேன். ஒரு கட்டு எடுத்துவந்து மேசையில் போட்டார். "எத்தனை பாட்டிலோ அத்தனை எண்ணித்தான் தருவார்கள். ஹெக்டேருக்கு எட்டு டன் திராட்சைக்கு மேல் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடைக்காது. ஒயினை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், ஒரு குழு குடித்துப் பார்க்க வேண்டும். குறையில்லை, பரோலோ மாதிரி இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். உங்களுக்குப் பிடிக்குமா என்பது அவர்கள் வேலையில்லை." இந்தக் கெடுபிடி இன்னும் இறுகியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1986-ல், இதே பியெமொந்தே மாநிலத்திலிருந்து போன, மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலருக்குப் பார்வை போயிற்று. இத்தாலிய ஒயினின் ஏற்றுமதியே அந்த வருடம் படுத்துவிட்டது. அந்த அம்மாளுக்கு அப்போது கல்யாணமான புதிது. கிடங்கில் இருந்ததை வாங்க ஆளில்லாமல் போன வருடம் என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது பரோலோ 52 யூரோ என்றதும் நான் யோசிப்பதைப் பார்த்து, பின்னாலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்தார். லாங்கே (இந்த மலைகளின் பெயர்) நெபியோலோ, 17 யூரோ. அதே சரிவு, அதே கொடிகளில் இளசானவை; 38 மாதம் வைக்காமல் முன்னாலேயே அடைத்தது. கீழ்ப்படி டி.ஓ.சி.தான், ஜி கிடையாது. "நாங்கள் வீட்டில் இதைத்தான் குடிக்கிறோம்." இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினேன்.

இரவு மொன்ஃபோர்ட்டேயில் தயரின். முட்டை மஞ்சள் கரு மட்டுமே போட்டுப் பிசைந்து, நூலாக நறுக்கிய பாஸ்தா. கிலோ மாவுக்கு முப்பது கரு. நண்பனுக்கு இறைச்சிக் குழம்பை விட்டுவிட்டு வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொன்னோம். சமையல்காரரே வெளியே வந்தார். இறைச்சி ஏன் வேண்டாம், வயிறு சரியில்லையா, ஊரிலேயே இப்படியா, அம்மாவும் சாப்பிடமாட்டார்களா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் கட்டணமில்லாமல் ஒரு சின்னக் கிளாஸ் பரோலோ சினாத்தோ. செர்ராலுங்காவைச் சேர்ந்த கப்பெல்லானோ என்ற மருந்தாளுநர் சிங்கோனா பட்டையும் மசாலாவும் சேர்த்துக் கண்டுபிடித்தது என்கிறார்கள். குளிருக்கு இதம்.

அக்டோபர் 15, செவ்வாய். பார்பரெஸ்கோ

நாள் முழுக்க மழை. தோட்டங்களில் ஆளே இல்லை. எல்லோரும் ஜன்னல் வழியாக வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பார்பரெஸ்கோவும் நெபியோலோதான், ஆனால் 26 மாதம் போதும். கொஞ்சம் தாழ்ந்த மலை, பக்கத்தில் தனாரோ ஆறு, முந்திப் பழுக்கும். துவர்ப்பு உண்டு, அதட்டல் குறைவு. எனக்கு இதுதான் பிடித்தது என்று சொன்னால் பரோலோக்காரர்கள் கோபிப்பார்கள்.

கோபுரத்தில் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். மேலே போனால் மேகம்தான் தெரிந்தது. கீழே, கோயிலுக்கு எதிரே கூட்டுறவுச் சங்கம். சிறு விவசாயிகள் திராட்சையை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஆலை வேலைக்கு டூரின் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1958-ல், ஊர்ப் பாதிரியார் 19 குடும்பங்களைச் சேர்த்துத் தொடங்கியது. முதல் மூன்று வருட ஒயினைக் கோயிலின் நிலவறையிலேயே தயாரித்தார்களாம். இன்றும் உறுப்பினர்களின் நெபியோலோ மட்டும்தான் அவர்கள் சரக்கு. கடையில் சாதா பார்பரெஸ்கோ 30 யூரோவுக்குக் கீழே. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஜப்பானியத் தம்பதி, பின்னால் ரப்பர் பூட்ஸோடு ஒரு உள்ளூர்க் கிழவர். கிழவர் பாட்டில் வாங்க வரவில்லை, மழைக்கு ஒதுங்கியவர். ஊற்றிக் கொடுத்தார்கள், குடித்தார், போனார்.

அக்டோபர் 16, புதன். தொல்யானி

வெயில் வந்தது. நெபியோலோவிலிருந்து வாய்க்கு ஒரு விடுமுறை வேண்டியிருந்தது.

தொல்யானி டோல்செட்டோவின் ஊர். கறுத்த நிறம், பழச்சுவை, புளிப்பு கம்மி, முந்திப் பழுத்து முந்திக் குடிக்கப்படுவது. ஊருக்குப் பெருமை இத்தாலியக் குடியரசுத் தலைவராக 1948 முதல் 1955 வரை இருந்த லூயிஜி எய்னௌதி. பொருளாதாரப் பேராசிரியர், இங்கே டோல்செட்டோ தோட்டம் வைத்திருந்தவர். 2005-ல் தொல்யானிக்கும் ஜி கிடைத்துவிட்டது.

மதியம் லாரி ஓட்டுநர்களும் விவசாயிகளும் சாப்பிடும் இடம். முதல் பாஸ்தா, இரண்டாவது இறைச்சி, காய்கறி, தண்ணீர், காப்பி எல்லாம் சேர்த்து 15 யூரோ. பக்கத்து மேசையில் நான்கு பேர், எல்லோர் கிளாஸிலும் டோல்செட்டோ. அதில் ஒருவருக்குப் பரோலோ பகுதியிலும் நிலம் இருக்கிறதாம். "பரோலோவா? கிறிஸ்துமஸுக்கு. அப்புறம் மாமனார் வந்தால்" என்றார். மேசையில் இருந்த பாட்டிலின் விலை 10 யூரோ. கழுத்தில் அதே அரசுப் பட்டை. ஐந்து மடங்கு விலைக்கு நேற்று முன்தினம் வாங்கியதிலும் அதே பட்டைதான். வகுப்பு ஒன்று என்பதால் தரமும் ஒன்று, விலையும் ஒன்று என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். பரீட்சையில் இதைக் கேட்கவே மாட்டார்கள்.

நண்பன் பாக்னா கௌதா என்ற சூடான குழம்பில் பச்சைக் காய்கறியைத் தொட்டுச் சாப்பிட ஆசைப்பட்டான். காய்கறித் தட்டு, குடைமிளகாய், முட்டைக்கோஸ் எல்லாம் வந்தன. குழம்பில் பூண்டு, எண்ணெய், அப்புறம் நெத்திலி வகைக் கருவாடு கரைந்து கிடக்கிறது என்று பரிமாறியவர் கடைசி நொடியில் சொன்னார். கடல் இல்லாத மலையில் கருவாடு எங்கிருந்து? லிகூரியக் கரையிலிருந்து கோவேறு கழுதையில் உப்போடு ஏறி வந்தது. நான் இரண்டு கிண்ணத்தையும் காலி செய்தேன். அவன் பச்சைக் குடைமிளகாயை உப்புத் தொட்டுச் சாப்பிட்டபடி என்னை முறைத்தான்.

அக்டோபர் 17, வியாழன். கனெல்லி

மலை இளகி அகலமாகிறது. இது மோஸ்காட்டோ திராட்சையின் நாடு. கனெல்லி ஊருக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் நிலவறை. நிலத்தடிப் பேராலயங்கள் என்று சொல்கிறார்கள், கூரையைப் பார்த்தால் மிகையாகத் தெரியவில்லை. வருடம் முழுக்கக் குளிர் 12 டிகிரியை ஒட்டி. பிரான்சில் ஷாம்பெய்ன் செய்முறையைப் படித்துவிட்டு வந்த கார்லோ காஞ்சா 1865-ல் இங்கேதான் இத்தாலியின் முதல் நுரை ஒயினைச் செய்தார். பாட்டிலுக்குள் புளித்து வெடித்துக் கொட்டிய காலம் போய், மூடிய பெரிய தொட்டியில் நுரைக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் ஆஸ்தியில் வேலை பார்த்த ஃபெதரிகோ மார்த்தினோத்தி. இப்போது குளிரூட்டித் தொட்டியில் நொதிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை மிச்சம், ஆல்கஹால் 5 சதவீதம் சொச்சம். அதுதான் மோஸ்காட்டோ த'ஆஸ்தி.

வழிகாட்டிய இளைஞர் நொதிக்காத புதுச் சாற்றை ஒரு கிளாஸில் பிடித்து நண்பனிடம் கொடுத்தார். ஆல்கஹால் துளியும் இல்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் குடித்தான். பீச், ஆரஞ்சுப்பூ, தேன். "இதைவிட்டுட்டு அந்தத் துவர்ப்பைப் போய்க் குடிக்கறியேடா" என்றான். என்னிடம் பதில் இல்லை.

திரும்பும் வழியில் நீட்சா மொன்ஃபெர்ராத்தோவில் பார்பெரா என்ற திராட்சை. இந்த ஊர் ஒயின் 2014-ல் தனி டி.ஓ.சி.ஜி. ஆனது, நூறு சதவீதம் பார்பெரா. புளிப்பு தூக்கலாக, கொழுப்பான சாப்பாட்டுக்கு ஏற்றது. ஏழைக் கொடி என்று முன்பு இளப்பமாகப் பார்க்கப்பட்டது; நல்ல சரிவைக் கொடுத்ததும் நிமிர்ந்துவிட்டது. நண்பன் என்னை ஆஸ்தியில் இறக்கிவிட்டு டூரின் திரும்பினான். மறுநாள் அவனுக்கு ஆபீஸ்.

அக்டோபர் 18, வெள்ளி. ஆஸ்தி, ஜெனோவா

ரயில் வேலைநிறுத்தம். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரையும் மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரையும் சில வண்டிகளை ஓட்டியாக வேண்டும் என்பது விதி. நான் நிலையத்துக்குப் போனது ஒன்பதரை. பலகையில் எல்லா வரியிலும் ரத்து. டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் தோளைக் குலுக்கினார். வெள்ளிக்கிழமை வைத்தால் நீண்ட வாரக் கடைசி என்று பக்கத்தில் நின்ற அம்மாள் விளக்கம் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

ஒன்பது பாட்டில் கொண்ட பெட்டியோடு எங்கே போவது? நிலையத்துக்கு எதிரே காப்பிக் கடைக்காரர் பெட்டியைக் கவுன்டருக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். காசு வாங்கவில்லை. "உள்ளே என்ன?" என்றார். சொன்னேன். தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் லேபிள்களைப் பார்த்துவிட்டு, பார்பரெஸ்கோவுக்குத் தலையாட்டி, இன்னொன்றுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். எது என்று எழுத மாட்டேன்.

மாலை ஆறுக்கு மேல் கிடைத்த வண்டியில் நின்றுகொண்டே ஜெனோவா. ஃபாரினாத்தா என்று கடலைமாவைக் கரைத்து விறகடுப்பில் பெரிய செம்புத் தட்டில் சுடுகிறார்கள். 4 யூரோவுக்கு ஒரு பொட்டலம். கடற்காற்று. ஃபுளோரன்ஸில் முன்பணம் கட்டிய அறை போனது போனதுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு. மொண்டால்சினோ

நேற்று முழுக்க ரயிலும் பஸ்ஸும். சியெனாவில் இரவு தங்கல். இன்று காலை பஸ்ஸில் ஏறினால் வேறு உலகம். மழை இல்லை, மூடுபனி இல்லை. வறண்ட வெயில், சைப்ரஸ் மரங்கள், உழுத மண் பழுப்பாக. கொடிகள் எல்லாம் வெட்டி முடித்தாயிற்று.

இங்கே சாஞ்சொவேசே திராட்சைதான் ராஜா. கியாந்தி க்ளாசிகோ ஒயினில் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். இங்கே நூற்றுக்கு நூறு. பியோந்தி-சாந்தி குடும்பம் 1888-ம் வருட ஒயினைப் புருனெல்லோ என்று பெயரிட்டு அடைத்ததிலிருந்து கதை தொடங்குகிறது. அறுவடைக்குப் பிந்தைய ஐந்தாவது வருடம் ஜனவரி 1 வரை விற்க முடியாது. 2008-ல் சிலர் வேறு திராட்சை கலந்ததாகப் புகார் எழுந்து, பாட்டில்கள் முடக்கப்பட்டு, விசாரணை எல்லாம் நடந்தது. சட்டத்தைத் தளர்த்திவிடலாமா என்று உற்பத்தியாளர்களிடமே ஓட்டெடுத்தபோது, வேண்டாம், சாஞ்சொவேசே மட்டும் போதும் என்று பெருவாரியாகச் சொன்னார்கள். இந்த ஊர் மேல் எனக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

கோட்டைக்குள் ஒயின் கடை. ஒரு கிளாஸ் புருனெல்லோ 14 யூரோ, தம்பியான ரோஸோ 6. பெக்கரீனோ பாலாடைக்கட்டியோடு இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தேன். புருனெல்லோ அகலம், ரோஸோ துள்ளல். வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ரோஸோவே சரி. எதிர் மேசையில் ஒரு சுற்றுலாக்காரர் கிளாஸைத் தொடாமல் விலையை மட்டும் போனில் தேடிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குத் திரும்பும் பஸ் வரவில்லை. ஐந்தே காலுக்கும் வரவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. காரை நிறுத்தியவர்கள் அப்ருட்ஸோ மாநிலத்திலிருந்து வந்த நடுத்தர வயதுத் தம்பதி. சியெனா வரை ஏறிக்கொள் என்றார்கள். நான் ஒயின் ஆள் என்று தெரிந்ததும் அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையால் பேச ஆரம்பித்தார்.

"மொண்டெபுல்சானோ என்றால் என்ன?"

"இந்தப் பக்கத்து ஊர். அங்கே வினோ நோபிலே. குறைந்தது 70 சதவீதம் சாஞ்சொவேசே."

"ஊர்! எங்களுக்கு அது திராட்சை. எங்கள் கொடி. அந்த ஊரில் எங்கள் கொடியை யாரும் கேட்டதில்லை, ஆனால் உலகம் முழுக்கக் குழம்புகிறது. எங்கள் தெராமோ மலை ஒயினுக்கும் 2003-லிருந்து ஜி உண்டு, தெரியுமா?"

தெரியும் என்றேன். பட்டியலில் இருந்தது. அவர் மனைவி முதலில் ரோட்டைப் பாருங்கள் என்று மூன்று முறை சொன்னார். சியெனா கோட்டைச் சுவருக்கு வெளியே இறங்கும்போது அவர் டிக்கியைத் திறந்து, மச்சான் தயாரித்தது என்று லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றைக் கையில் திணித்தார். லேபிளே இல்லை என்றால் கழுத்துப் பட்டை எங்கிருந்து வரும்? பெட்டியில் இடமும் இல்லை. தங்கியிருந்த வீட்டின் அடுப்பங்கரைக் கிளாஸில் ஊற்றி, 7 யூரோ பீட்சாவோடு அன்று ராத்திரியே முக்கால் பாட்டில் முடித்தேன். கறுப்பு, காரசாரம், கொஞ்சம் முரடு. மீதியை வீட்டுக்காரப் பையனிடம் கொடுத்தேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.